இருபது விக்கெட்டுக்கு எத்தனை பேர்? டெஸ்ட் அணியில் மட்டையும் பந்தும்

டெஸ்ட் போட்டியில் எதிரணி தானாக டிக்ளேர் செய்தால் ஒழிய, இருபது விக்கெட்டுகளையும் எடுத்தால்தான் வெற்றி. ஆயிரம் ரன் குவித்தாலும் பத்தொன்பது விக்கெட்டோடு ஆட்டம் முடிந்தால் மிஞ்சுவது டிரா. ஒருநாள் போட்டியிலும் இருபது ஓவர் போட்டியிலும் இந்தக் கட்டாயம் இல்லை. ஓவர் தீர்ந்தால் எதிரணியின் இன்னிங்ஸும் தீர்ந்துவிடும். டெஸ்டில் எதிரணியை வீழ்த்தித்தான் ஆக வேண்டும். அதற்கு அணியில் பதினோரு இடம்தான் உண்டு. அதில் எத்தனை இடம் பேட்ஸ்மேனுக்கு, எத்தனை இடம் பவுலருக்கு? டெஸ்ட் கிரிக்கெட்டின் பழைய கேள்வி இது. இந்திய அணி அறிவிக்கப்படும் ஒவ்வொரு காலையிலும் அது மறுபடி எழுகிறது.

தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். ஆனாலும் ஓட்டப்பிடாரம் தொடங்கி எட்டயபுரம், விளாத்திகுளம் வரை அறுவடை முடிந்த காடுகளிலும் தண்ணீர் வற்றிய கண்மாய்களிலும் பிள்ளைகள் கையில் இருப்பது கிரிக்கெட் மட்டைதான். தூத்துக்குடியின் பெயரைத் தாங்கிய டூட்டி பேட்ரியாட்ஸ் அணி தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையை 2016இல் வென்றது. அந்த அணிக்காக ஆடிய வாஷிங்டன் சுந்தரின் பெயர் இன்று மட்டைக்கும் பந்துக்கும் இடையிலான இந்தச் சமன் பற்றிய எல்லா வாதங்களிலும் அடிபடுகிறது. அவருக்கு முன்னால் அதே வாதத்தின் நடுவில் பல ஆண்டுகள் இருந்தவர் ரவிச்சந்திரன் அஸ்வின். ஆகவே இந்தக் கேள்விக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருக்கம் அதிகம்.

இக்கட்டுரை சொல்ல வருவது இதுதான்: அணியைத் தேர்வு செய்யும்போது முதலில் எழுத வேண்டியது இருபது விக்கெட் எடுக்கக்கூடியவர்களின் பெயர்களை. பேட்ஸ்மேன்களைக் கொண்டு மீதி இடங்களை நிரப்ப வேண்டும். இந்த வரிசை மாறும்போது அணி ஆட்டத்தைக் காப்பாற்றலாம், வெல்வது அரிது.

பழைய பாடங்கள்

இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது 1952 பிப்ரவரியில், சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதம் அடித்தார்கள். ஆனால் அந்த வெற்றி வினு மன்கட்டின் பெயரிலேயே நிற்கிறது. முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8, இரண்டாவதில் 53 ரன்னுக்கு 4 என்று 12 விக்கெட் எடுத்தார். அதே ஆண்டு லார்ட்ஸில் அதே மன்கட் 72, 184 என்று ரன் குவித்தார், 97 ஓவர் பந்தும் வீசினார். இந்தியா எட்டு விக்கெட்டில் தோற்றது. எவ்வளவு பெரிய ஆல்ரவுண்டரானாலும், மறுமுனையில் விக்கெட் எடுக்க ஆள் இல்லாவிட்டால் அவருடைய உழைப்பு வீண்.

அதற்கு நேர்மாறான பாடம் 1967இல் எட்ஜ்பாஸ்டனில் கிடைத்தது. பட்டோடியின் தலைமையில் பேடி, சந்திரசேகர், பிரசன்னா, சென்னையின் வெங்கட்ராகவன் ஆகிய நான்கு சுழல் மேதைகளும் ஒரே அணியில் ஆடினார்கள். நால்வரும் சேர்ந்து ஆடிய டெஸ்ட் அது ஒன்றுதான். புதுப்பந்து வீச முறையான வேகப்பந்து வீச்சாளர் இல்லை. சுப்பிரமணியாவும், கீப்பராகப் பெயர் பெற்ற குந்தேரனும் ஆளுக்கொரு முனையில் அதை வீசினார்கள். இங்கிலாந்து 298, 203 என இருமுறையும் ஆட்டமிழந்தது. ஆக, பவுலர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். ஆனால் இந்தியா முதல் இன்னிங்ஸில் 92 ரன்னுக்குச் சுருண்டு, 132 ரன்னில் தோற்றது. பந்துவீச்சு வலுவாக இருந்தும் மட்டை கைவிட்டதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

மேற்கிந்தியத் தீவுகளின் மாற்றம் 1976 போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தொடங்கியது. மூன்று சுழற்பந்து வீச்சாளர்களை வைத்துக்கொண்டு 403 ரன் இலக்கைக் காக்க நினைத்தார் கிளைவ் லாயிட். இந்தியா நான்கே விக்கெட் இழந்து 406 எடுத்து வென்றது. அதன்பின் லாயிட் வேகத்தின் பக்கம் திரும்பினார். நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள், ஆறு பேட்ஸ்மேன்கள், ஒரு கீப்பர் என்ற அமைப்பு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உலகை ஆண்டது. நால்வரே போதும் என்பதற்கு இன்றும் அந்த அணியைத்தான் சான்று காட்டுகிறார்கள். ஆனால் ஹோல்டிங், மார்ஷல், கார்னர் போன்றவர்கள் ஒரே காலத்தில் ஒரே அணிக்குக் கிடைத்தது வரலாற்றில் அரிய நிகழ்வு. அதைப் பொதுவிதியாக்க முடியாது.

அடுத்து ஆண்ட ஆஸ்திரேலியாவும் நான்கு பவுலர்களோடு ஆடியது. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஷேன் வார்ன் ஒரு முனையை நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டார். மற்றொன்று, ஏழாவது இடத்தில் இறங்கிய கீப்பர் கில்கிறிஸ்ட் 96 டெஸ்டில் 17 சதத்தோடு 47.60 சராசரி வைத்திருந்தார். இலங்கைக்கு அந்த வசதியைத் தந்தவர் கண்டியின் முத்தையா முரளிதரன். 133 டெஸ்டில் 800 விக்கெட், அதாவது ஒரு டெஸ்டுக்கு ஆறு. இருபதில் ஆறை ஒருவரே எடுத்தால் மற்றவர்களுக்கு வேலை குறைவு, கூடுதல் பேட்ஸ்மேனுக்கும் இடம் கிடைக்கும். இப்படி ஒருவர் இல்லாத அணி அவர் இருப்பதுபோல நினைத்து நான்கு பவுலர்களோடு இறங்கினால் மூன்றாம் நாள் மாலையில் மூச்சு வாங்கும்.

ஓவர் கணக்கும் ரன் கணக்கும்

ஒரு நாளைக்கு 90 ஓவர். நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு இருபத்திரண்டரை, ஐவர் பகிர்ந்தால் பதினெட்டு. நாலரை ஓவர் வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். ஆனால் 80 ஓவருக்குப் பின் இரண்டாவது புதுப்பந்தை எடுக்கும்போது வேகப்பந்து வீச்சாளரின் காலில் பலம் மிச்சம் இருக்கிறதா என்பதை அந்த நாலரை ஓவர்தான் முடிவு செய்கிறது. நடுவில் ஒருவருக்குக் காயம் என்றால் நால்வர் மூவராகிவிடுவார்கள். தலையில் அடிபட்டால் மட்டுமே மாற்று வீரர் பந்து வீசலாம், தசைப்பிடிப்புக்கு மாற்று கிடையாது.

ரன் கணக்கை ஒரு கற்பனை உதாரணத்தால் பார்ப்போம். ஆறாவது பேட்ஸ்மேன் ஓர் இன்னிங்ஸுக்குச் சராசரியாக 35 ரன் எடுப்பவர் என்றும், அவருக்குப் பதில் வரும் ஐந்தாவது பவுலர் 20 எடுப்பவர் என்றும் வைத்துக்கொள்வோம். இழப்பு 15. இரண்டு இன்னிங்ஸுக்கும் சேர்த்து 30. ஐந்தாவது பவுலர் ஒரு டெஸ்ட் முழுவதிலும் இந்த முப்பது ரன்னைத் தடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். நிலைத்து ஆடும் ஒரே ஒரு ஜோடியைப் பத்து ஓவர் முன்னால் பிரித்தாலே அது நடந்துவிடும். அந்தப் பவுலர் பத்து ரன் மட்டுமே எடுப்பவரானால் இழப்பு ஐம்பதாகிறது. அப்போது முடிவெடுப்பது கடினம். எனவே உண்மையான கேள்வி, ஐந்தாவது பவுலருக்கு எவ்வளவு மட்டை பிடிக்கத் தெரியும் என்பதுதான்.

உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பின் புள்ளிமுறையும் துணிவின் பக்கமே நிற்கிறது. வெற்றிக்கு 12 புள்ளி, டிராவுக்கு 4. மூன்று டிரா செய்தால்தான் ஒரு வெற்றிக்கு ஈடு. தோற்காமல் இருப்பதற்காக கூடுதல் பேட்ஸ்மேனைச் சேர்ப்பவர் அந்த நான்கு புள்ளிக்காகவே ஆடுகிறார்.

சேப்பாக்கம் சொல்லும் சாட்சி

சேப்பாக்கம் மைதானம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே இந்தக் கேள்வியின் எல்லாப் பக்கமும் தெரிந்துவிடும்.

1999இல் பாகிஸ்தானுக்கு எதிராக இலக்கு 271. முதுகுவலியோடு ஆடிய டெண்டுல்கர் 136 எடுத்து வெளியேறும்போது ஸ்கோர் 254. கையில் மூன்று விக்கெட், தேவை 17 ரன். அடுத்த நான்கு ரன்னுக்குள் மூன்று விக்கெட்டும் விழுந்தன. 12 ரன்னில் தோல்வி. ஆறு பேட்ஸ்மேன், கீப்பர், நான்கு பவுலர் என்ற மரபான அணி அது. இன்னொரு பேட்ஸ்மேன் இல்லாததால் அந்தத் தோல்வி வரவில்லை. பவுலர்களில் பதினைந்து இருபது ரன் சேர்க்கும் ஆள் அன்று கிடைக்கவில்லை.

2013 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கேப்டனும் கீப்பருமான தோனி தன்னை ஆறாவது இடத்துக்கு உயர்த்திக்கொண்டார். ஜடேஜா ஏழு, அஸ்வின் எட்டு, ஹர்பஜன் ஒன்பது என்று ஐந்து பவுலர்கள். கீப்பரே இரட்டைச் சதம் அடித்தார், 224. விழுந்த இருபது விக்கெட்டும் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களுக்கே. அஸ்வினுக்கு மட்டும் 12. எட்டு விக்கெட்டில் வெற்றி. பேட்ஸ்மேனுக்குரிய பொறுப்பைக் கீப்பர் ஏற்றுக்கொண்டால் ஓர் இடம் எப்படி விடுபடும் என்பதற்கு அந்த டெஸ்ட் நல்ல பாடம்.

2021 பிப்ரவரியில் ஒரு வார இடைவெளியில் இரண்டு டெஸ்டுகள். முதலாவதில் இந்தியா ஐந்து பவுலர்களோடு இறங்கியும் இங்கிலாந்து 190 ஓவர் ஆடி 578 குவித்தது. அஸ்வின் 55 ஓவருக்கு மேல் வீச வேண்டியிருந்தது. வாஷிங்டன் சுந்தர் 26 ஓவரில் விக்கெட் இல்லாமல் 98 ரன் கொடுத்தார், ஆனால் மட்டையில் ஆட்டமிழக்காமல் 85 எடுத்தார். இந்தியா 227 ரன்னில் தோற்றது. அடுத்த டெஸ்டில் அந்த 85ஐப் பார்த்து மயங்காமல் அவரை வெளியே வைத்து குல்தீப் யாதவைக் கொண்டுவந்தார்கள். முதல் டெஸ்டில் ஆடிய நதீமுக்குப் பதில் அக்சர் படேல் வந்தார். அக்சர் அறிமுக டெஸ்டிலேயே ஏழு விக்கெட் எடுத்தார். அஸ்வின் எட்டு விக்கெட்டோடு சொந்த ஊர் ரசிகர்கள் முன்னிலையில் 106 ரன்னும் எடுத்தார். 317 ரன்னில் வெற்றி. இரண்டு டெஸ்டிலும் பவுலர்களின் எண்ணிக்கை ஒன்றுதான், தரம் மாறியது, முடிவும் மாறியது.

2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா 144 ரன்னுக்கு ஆறு விக்கெட் இழந்து நின்றது. அஸ்வினும் ஜடேஜாவும் 199 ரன் சேர்த்தார்கள். அஸ்வின் 113 எடுத்தார், பிறகு இரண்டாவது இன்னிங்ஸில் 88 ரன்னுக்கு 6 விக்கெட்டும் எடுத்தார். 280 ரன்னில் வெற்றி. 106 டெஸ்டில் 537 விக்கெட், 3503 ரன், ஆறு சதம் என்று அதே ஆண்டு டிசம்பரில் அவர் ஓய்வு பெற்றபோது, ஒரே ஆளாக அவர் நிரப்பிவந்த இரண்டு இடங்கள் காலியாயின. அந்த வெற்றிடத்தில்தான் இன்றைய விவாதம் நடக்கிறது.

மண்ணைப் பார்த்துத் தேர்வு

கரிசல் நிலம் சித்திரை வெயிலில் கால் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடப்பதையும், ஐப்பசி மழையில் ஊறி உப்பி அந்தப் பிளவுகள் மூடிக்கொள்வதையும் ஓட்டப்பிடாரத்துக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த மண்ணில் களிப்பங்கு அதிகம். ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும். இதே தன்மைதான் கரிசல் மண்ணால் அமைத்த ஆடுகளத்திலும் இருக்கிறது. பந்து தாழ்வாகவும் மெதுவாகவும் வரும். செம்மண் களம் சீக்கிரம் காயும். தொடக்கத்தில் எழும்பி வரும், பிறகு மேல்தளம் உதிர்ந்து சுழலுக்கும் இடம் தரும்.

சேப்பாக்கத்தில் இரண்டு வகைக் களமும் உண்டு. 2024இல் வங்கதேசத்துக்கு எதிராகச் செம்மண் களத்தைத் தேர்ந்தெடுத்த இந்தியா, வழக்கமான மூன்று சுழலை விட்டுவிட்டு பும்ரா, சிராஜ், ஆகாஷ் தீப் என மூன்று வேகப்பந்து வீச்சாளர்களோடு இறங்கியது. அடுத்த டெஸ்ட் நடந்த கான்பூர் கரிசல் களம். மூன்றாவது சுழற்பந்து வீச்சாளர் வருவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அணி மாறவில்லை. மழையால் இரண்டு நாளுக்கு மேல் ஆட்டமே நடக்காத அந்த டெஸ்டிலும் ஐந்து பவுலர்கள் இருபது விக்கெட்டையும் எடுத்து, ஏழு விக்கெட்டில் வெற்றி தேடித்தந்தார்கள். நான்கு பவுலர்களோடு, அவ்வளவு குறைந்த நேரத்தில் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

மண்ணும் வானமும் பார்த்துத் தேர்வு செய்யும்போது தவறும் நேரும். கரிசல் காட்டு மானாவாரி விவசாயி மழைக்கு முன்பே புழுதி விதைப்பு விதைப்பதுபோல, கேப்டனும் டாஸுக்கு முன்பே அணியை எழுதிக்கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. 2023 ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மேகமூட்டத்தைப் பார்த்து, உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அஸ்வினை வெளியே வைத்தார்கள். டிராவிஸ் ஹெட் 163, ஸ்மித் 121 எடுக்க, உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியில் 209 ரன்னில் தோல்வி. களம் எதுவானாலும் விக்கெட் எடுப்பதில் உலகின் முதல்வராக இருப்பவர் அணியில் இருந்தாக வேண்டும். மண்ணையும் வானத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டியது மற்ற இடங்களைத்தான்.

முப்பத்தாறு ரன்னுக்குப் பிறகு

2020 டிசம்பரில் அடிலெய்டில் இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்டது. ஆறு பேட்ஸ்மேன், கீப்பர், நான்கு பவுலர் கொண்ட அணி அது. அடுத்த டெஸ்டுக்கு முன் கோலி ஊர் திரும்பிவிட்டார். அணியின் மிகப்பெரிய பேட்ஸ்மேன் இல்லை, போன இன்னிங்ஸ் 36. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு பேட்ஸ்மேனைத்தான் சேர்த்திருப்பார்கள். பொறுப்புக் கேப்டன் ரஹானேயும் பயிற்சியாளர் ரவி சாஸ்திரியும் ஜடேஜாவைச் சேர்த்தார்கள். ஐந்து பவுலர்கள். மெல்போர்னில் ஆஸ்திரேலியா 195, 200 என இருமுறையும் சுருண்டது. இரண்டாவது இன்னிங்ஸில் உமேஷ் யாதவ் தன் நான்காவது ஓவரிலேயே காயத்தோடு வெளியேறியபோது, மீதி நால்வர் இருந்ததால் பிடி தளரவில்லை. ஜடேஜா 57 ரன்னும் மூன்று விக்கெட்டும் எடுத்தார். ரஹானே 112. எட்டு விக்கெட்டில் வெற்றி. இந்தியத் தேர்வு வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான முடிவு குறைவு.

அதே தொடரின் கடைசி டெஸ்ட் பிரிஸ்பேனில். பும்ரா, அஸ்வின், ஜடேஜா எல்லோரும் காயம். அப்போதும் ஐந்து பவுலர் என்ற முடிவு மாறவில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் ஒரே நாளில் அறிமுகமானார்கள். சைனி பாதியில் காயமடைந்தார். மீண்டும் நால்வர் மிஞ்சினார்கள். 186க்கு ஆறு விக்கெட் என்ற நிலையில் வாஷிங்டனும் ஷர்துல் தாக்கூரும் 123 ரன் சேர்த்தார்கள். ஐந்தாவது பவுலரின் மட்டை எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு அந்தக் கூட்டணியே கணக்கு. 328 இலக்கை எட்டி இந்தியா தொடரை வென்றது.

மறுபக்க வாதம்

எதிர்த்தரப்புக்கும் வலுவான சான்றுகள் உண்டு. 2015இல் இலங்கையின் காலேயில் இந்தியா ஐந்து பவுலர்களோடு இறங்கியது. 176 இலக்கை விரட்டி, ஹெராத்தின் சுழலில் 112க்கு ஆட்டமிழந்து 63 ரன்னில் தோற்றது. ஒரு பேட்ஸ்மேன் கூடுதலாக இருந்திருந்தால் என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. கேப்டன் கோலி கொள்கையை மாற்றவில்லை. தொடர் 2-1 என்று இந்தியாவுக்கே வந்தது.

2025 ஹெடிங்லியில் ஐந்து சதம் அடித்தும் தோற்ற முதல் அணி என்ற பெயர் இந்தியாவுக்குக் கிடைத்தது. முதல் இன்னிங்ஸில் கடைசி ஏழு விக்கெட் 41 ரன்னுக்கும், இரண்டாவதில் கடைசி ஆறு விக்கெட் 31 ரன்னுக்கும் விழுந்தன. இங்கிலாந்து 371 ரன்னை விரட்டிப் பிடித்தது. இதில் வால் உதவவில்லை என்பது ஒரு பாதி. ஐந்தாம் நாளில் விக்கெட் எடுக்க ஆள் இல்லை என்பது மறுபாதி. அணி முதல் பாதிக்கு மருந்து தேடியது. எட்ஜ்பாஸ்டனில் குல்தீப்பை வைக்காமல் வாஷிங்டனையும் நிதிஷ் ரெட்டியையும் சேர்த்தார்கள். 336 ரன்னில் வெற்றி கிடைத்தது. ஆனால் இருபதில் பதினேழு விக்கெட்டை எடுத்தவர்கள் ஆகாஷ் தீப்பும் சிராஜும். மான்செஸ்டரில் வாஷிங்டன், ஜடேஜா இருவரின் சதம் தோல்வியிலிருந்து காப்பாற்றியது. அந்தப் போராட்டத்தின் பெருமையை யாரும் மறுக்க முடியாது. தொடர் 2-2. குல்தீப் ஐந்து டெஸ்டிலும் வெளியே உட்கார்ந்திருந்தார்.

2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இந்தியா மறுகோடிக்குப் போனது. நான்கு சுழல், இரண்டு வேகம் என்று ஆறு பவுலர்கள். மூன்றாவது இடத்தில் சாய் சுதர்சனுக்குப் பதில் வாஷிங்டன். மட்டையில் அவர் 29, 31 என்று தாக்குப்பிடித்தார். பந்து வீச அவருக்குக் கிடைத்ததோ மிகச் சொற்பம். 124 இலக்கு, கேப்டன் கில் காயத்தால் ஆட முடியவில்லை, 93க்கு ஆட்டமிழப்பு. பந்து கையில் வராத ஆறாவது பவுலர் வீணான இடம் என்பது அங்கே நிரூபணமானது. அடுத்து குவாஹாட்டியில் தென்னாப்பிரிக்காவின் பின்வரிசை நமக்கே பாடம் எடுத்தது. டர்பனில் பிறந்த, தமிழ் வேர் கொண்ட செனுரன் முத்துசாமி ஏழாவதாக வந்து 109 எடுத்தார். ஒன்பதாவதாக வந்த மார்க்கோ யான்சன் 93 எடுத்து, பிறகு 48 ரன்னுக்கு 6 விக்கெட்டும் வீழ்த்தினார். இந்தியா 408 ரன்னில் தோற்றது.

முடிவாக

இத்தனை சான்றுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஐந்து பவுலர் என்பதே நடுநிலையான, வெல்லும் அமைப்பு. அந்த ஐவரில் நால்வர் பந்தை மட்டும் கொண்டே அணியில் இடம் பெறத் தகுந்தவர்களாக இருக்க வேண்டும். ஐவரில் இருவராவது இருபது ரன் சராசரிக்கு மேல் மட்டை பிடிக்க வேண்டும். கீப்பர் முதல் ஆறு இடத்துக்குள் ஆடும் தகுதி பெற்றிருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடிவராதபோது நான்கு பவுலர்களோடு ஆடலாம். ஆனால் அப்போது ஒரு முனையை நாள் முழுக்கக் காக்கும் வார்னோ முரளியோ நம்மிடம் இருக்க வேண்டும். ஆறு பவுலர் என்பது எந்தக் களத்திலும் தேவையில்லை. இரண்டையும் அரைகுறையாகச் செய்பவரை ஆல்ரவுண்டர் என்று சேர்ப்பதைவிட, ஒன்றை முழுமையாகச் செய்பவரைச் சேர்ப்பது மேல். குல்தீப்பைப் போன்ற விக்கெட் வேட்டைக்காரரை மட்டை பலத்துக்காக வெளியே வைப்பது, தோல்விக்குப் பயந்து வெற்றியை விட்டுக்கொடுப்பதாகும்.

தேர்வாளர்களுக்குச் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். இந்தச் சமன் உருவாகும் இடம் தேர்வு அறை இல்லை, பயிற்சி வலை. அஸ்வின் சிறுவயதில் பேட்ஸ்மேனாகத் தொடங்கியவர். வாஷிங்டனும் இளையோர் கிரிக்கெட்டில் மேல்வரிசையில் மட்டை பிடித்தவர். தூத்துக்குடி மாவட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நன்றாகப் பந்து வீசும் பிள்ளையை முதலில் முழுப் பவுலராக வளருங்கள். பிறகு, பந்து வீசிக் களைத்த அவன் கையில் தினமும் மட்டையையும் கொடுங்கள். கடைசியாக வந்து நாலு பந்து தட்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.